உப்பு தின்னும் செயின், மலை தின்னும் பிரேக்

சென்னை: ஜெனரல் பேட்டர்ஸ் சாலை

அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குள் திரும்பியதுமே ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை வந்துவிடும். ஒரு கடையில் ஹெட்லைட் மட்டும் தொங்கும், அடுத்ததில் கேபிள்கள், அதற்கடுத்ததில் ஆயில் சீல், வாஷர், பேரிங். ஆனி மாதத்தில் கடற்கரையோடு தெற்கே இறங்கி, மேற்கே வால்பாறை ஏறி, கொல்லிமலை வழியாக வீடு திரும்புவதாக எண்ணம். வழியில் வண்டியை நானே பார்த்துக்கொள்ள வேண்டும். என்னென்ன எடுத்துப்போகலாம் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கடல் பக்கமா சார், மலைப் பக்கமா?" என்றார் அவர். இரண்டும்தான் என்றேன்.

"மெட்ராஸ்ல ஓட்டினா கிளட்ச் கேபிள் போகும். கடலோரம் போனா செயின் போகும். மலைக்குப் போனா பிரேக் போகும். ஊரைச் சொல்லுங்க, சாமானை எடுத்து வைக்கிறேன்."

வண்டியோடு வரும் கைப்புத்தகத்தில் எல்லாம் கிலோமீட்டர் கணக்கு. இத்தனை கிலோமீட்டருக்கு ஆயில், இத்தனைக்குப் பிளக், இத்தனைக்கு ஏர் ஃபில்டர். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் ஒவ்வொரு நிலமும் வண்டியின் ஒவ்வோர் உறுப்பைத் தேய்க்கிறது என்று அவர் சொன்னது இந்தப் பயணம் முழுக்கச் சரியாக இருந்தது.

அவர் எடுத்து வைத்தவை இவை: ஒரு ஸ்பார்க் பிளக், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஒரு செயின் லாக், சில ஃப்யூஸ்கள், இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கட்டுக்கம்பி, டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட், கையால் அடிக்கும் சின்ன பம்ப். சீட்டுக்கு அடியில் இருக்கும் டூல் கிட்டைப் பிரித்துப் பார்த்து, பின்சக்கர நட்டுக்குச் சரியான ஸ்பேனர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார். புது கிளட்ச் கேபிளைப் பையில் வைக்கவில்லை. பழைய கேபிளை ஒட்டியே ஹேண்டில்பாரிலிருந்து எஞ்சின் வரை ஓடவிட்டு டேப் சுற்றிக் கொடுத்தார். நடுவழியில் அறுந்தால் இரண்டு முனைகளை மட்டும் மாற்றி மாட்டினால் போதும்.

எங்கள் ஊர் நெரிசலில் இடது கைக்கு ஓய்வில்லை. சிக்னலுக்குச் சிக்னல் பிடித்து விட்டுப் பிடித்து, லீவர் முனையில் கேபிள் இழைகள் ஒவ்வொன்றாக அறும். முழுதாக அறுவதற்கு முன் லீவர் கனக்கும், கியர் விழ அடம்பிடிக்கும். கிளட்ச் லீவரின் அடிப்பகுதியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அதுவே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தீய்ந்துவிடும். அதிகமாகிவிட்டால் கியர் மாற்றும்போது 'கடக்' என்று அடிக்கும். லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்டரைக் கையாலேயே திருகிச் சரிசெய்யலாம்.

வேதாரண்யம்: உப்பளம்

நாகப்பட்டினம் தாண்டித் தெற்கே போகப் போக, காற்றில் ஈரம் பிசுபிசுக்கும். வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் சாலைக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்தது இங்கேதான். அதற்கு நினைவுத் தூண் நிற்கிறது. இப்போதும் பாத்திகளில் கடல்நீரைத் தேக்கி, காயவிட்டு, மரப்பலகையால் உப்பை வாருகிறார்கள்.

பாத்தி வரப்பில் ஒரு மொபெட் நின்றது. மட்கார்டின் விளிம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்க, செயின் மட்டும் கருகருவென எண்ணெயில் மினுங்கியது. அதன் சொந்தக்காரர், உப்பு வாருபவர், தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இங்க இரும்புக்கு ஆயுசு கம்மி தம்பி. வண்டிய விட்டுட்டு மூணு நாளு சும்மா இருந்தா செயின் செவந்துரும். நான் ராத்திரி வீட்டுக்குப் போனதும் மொதல்ல அதுக்குத்தான் எண்ணெ வெப்பேன். அப்புறம்தான் எனக்குச் சோறு."

உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்த படலம் இரும்பின் மேல் உட்கார்ந்தால் துரு பல மடங்கு வேகமெடுக்கும். செயினில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள். ஒவ்வொன்றிலும் பின்னும் உருளையும் உரசுகின்றன. எண்ணெய் வற்றினால் அங்கே துரு புகும். கண்ணி இறுகி மடங்க மறுக்கும்.

அவர் வைப்பது எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில். கிராமத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள் இருக்கும். கியர் ஆயில் 90 சின்ன பாட்டிலில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. அன்று மாலை தங்கிய வீட்டின் வாசலில் நான் செய்தது இது. வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டேன். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துச் செயினைத் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட்டேன். ஓ-ரிங் வைத்த செயின் என்றால் பெட்ரோல் ஊற்றிக் கழுவக் கூடாது. ரப்பர் வளையம் கெட்டுவிடும். பிறகு பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். சக்கரம் சுழலும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளியே பரவும். எஞ்சின் ஓடும்போது, கியரில் போட்டுக்கொண்டு, இதைச் செய்யவே கூடாது. விரல் போய்விடும்.

சாதாரணச் சாலையில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போதும். கடலோரத்தில் தினமும் வைத்தாலும் தகும். செயினின் தொய்வையும் அப்போதே பார்த்துவிடலாம். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால், பெரும்பாலான சிறிய வண்டிகளில் 25 முதல் 30 மில்லிமீட்டர் அசைய வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கைப்புத்தகத்திலோ ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. அதனால் சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் அளந்து, இறுக்கமான இடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சரிசெய்யும்போது பின்சக்கரத்தின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கட்டும். ஸ்பிராக்கெட் பற்கள் சுறாவின் துடுப்புபோல ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் சரிசெய்து பயனில்லை; செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும்.

வேலை முடிந்து கைகழுவி வந்தபோது, தெருவெல்லாம் முல்லைப்பூ வாசம். அந்த வீட்டு அம்மா மீன் குழம்போடு சோறு போட்டார். உப்பு விளையும் ஊரில் குழம்பில் உப்பு அளவாகத்தான் இருந்தது.

தனுஷ்கோடி: அரிச்சல்முனை

பாம்பன் பாலத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. மீன்பிடித் தடையின் 61 நாள் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குள் போயிருந்தன. ராமேஸ்வரத்தில் மீன் வாசனையும் ஆரவாரமும் திரும்பியிருந்தன.

1964 டிசம்பர் புயல் தின்றது போக மிஞ்சிய தேவாலயச் சுவரும் ரயில் நிலையத் தூண்களும் தனுஷ்கோடியில் நிற்கின்றன. 2017இல் திறந்த தார்ச்சாலை நிலம் முடியும் இடம் வரை போகிறது. ஒருபக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அடங்கிய கடல். மணல் சாலையைக் கடந்து ஓடுகிறது. காற்றில் வரும் நீர்த்துளி டேங்கின் மேல் காய்ந்து வெள்ளையாகப் படிகிறது.

பொரித்த மீன் விற்கும் ஒரு குடிசையின் பின்னால் மணலில் தோண்டிய ஊற்று இருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் தண்ணீர் இனித்தது. வண்டியின் மேல் ஊற்ற ஒரு குடம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"தம்பி, இது குடிக்கிற தண்ணி. வண்டிக்கு ராமேஸ்வரம் போயி ஊத்திக்க," என்றார் அந்த அக்கா. "மீன் சாப்பிட வந்த ஆளுக்குக் குடிக்க எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்."

நியாயம்தான். குழாயைத் திறந்துவிட்டு வண்டி கழுவும் ஊரிலிருந்து போனவனுக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. ராமேஸ்வரம் திரும்பியதும் முதல் வேலையாகக் கழுவினேன். கடற்கரை போய் வந்த வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீரைச் சக்கர பேரிங், சைலன்சர் வாய், சாவித் துவாரம், சுவிட்சுகள் பக்கம் காட்டக் கூடாது. வாளியும் துணியும் போதும். கழுவியபின் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிடித்து ஈரத்தைப் போக்கிவிட்டு, செயினுக்கு மறுபடி எண்ணெய்.

பேட்டரி முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அதையும் அங்கேயே துடைக்கலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். இந்த வரிசை மாறி, ஸ்பேனர் ஒரு பக்கம் பாசிட்டிவ் முனையையும் இன்னொரு பக்கம் வண்டியின் இரும்பையும் தொட்டால் பொறி பறக்கும். துடைத்து இறுக்கியபின் முனைகளின் மேல் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் உப்புக்காற்று அண்டாது.

குதிரைமொழி: தேரிக்காடு

தூத்துக்குடி கடந்து திருச்செந்தூர் பக்கம் போனால், கடலோரத்திலேயே ஒரு செம்மண் பாலை எதிர்ப்படும். இரும்பின் செம்மை ஏறிய மணல் மேடுகள். நடுவே பனையும் முந்திரியும் உடைமரமும். இதுதான் தேரி. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். மேடுகள் இடம் மாறும். சாலையில் சிவப்புப் புகை ஓடும்.

பனையடியில் ஒருவர் பட்டையில் பதநீர் ஊற்றித் தந்தார். உள்ளே நுங்கை வழித்துப் போட்டிருந்தார். பட்டையின் பச்சை வாசனையோடு அது தொண்டையில் இறங்கியபோது, சென்னையில் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கும் பதநீர் நினைவுக்கு வரவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து உடன்குடியின் கருப்பட்டிக்கு இதுதான் மூலப்பொருள்.

வண்டி இழுவை குறைந்திருந்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாலும் சோம்பலாகவே எழுந்தது. சாலையோர ஷெட்டில் ஒரு பையன், முகத்தில் மீசை அரும்பும் வயது, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிட்டான்.

"அண்ணாச்சி, வண்டிக்கு மூச்சு முட்டுது. தேரிக்காத்து அடிக்கிற மாசம்லா. சைடு கவரத் தெறங்க."

ஏர் ஃபில்டரின் மடிப்புகளில் குங்குமம்போலச் செம்மண் அப்பியிருந்தது. எஞ்சினுக்குப் போதிய காற்று கிடைக்காவிட்டால் பெட்ரோல் முழுதாக எரியாது; இழுவை குறையும், மைலேஜ் விழும், புகை கருக்கும். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் மணல் உள்ளே போய் சிலிண்டர் சுவரை அராவிவிடும். காகித ஃபில்டரைத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ நனைக்கக் கூடாது. மெல்லத் தட்டி, உள்பக்கமிருந்து வெளியே காற்றடித்துத் தூசியைத் தள்ளலாம். அதுவும் புதியது வாங்கும் வரைக்குமான ஏற்பாடு. பஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில சொட்டு எண்ணெய் பிழிந்து மாட்டலாம். எண்ணெய் தடவி வரும் காகித ஃபில்டரில் காற்றடிப்பதும் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சின் ஆறியபின் பிளக்கையும் கழற்றிக் காட்டினான். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஆயில் உள்ளே கசிகிறது. அது மெக்கானிக் வேலை. வெளுத்துக் கிடந்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சுடுகிறது. திரும்ப மாட்டும்போது முதலில் விரலால் சுற்றி உட்கார வைத்த பிறகுதான் ஸ்பேனர். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டு மரை கெட்டால் ஹெட்டுக்கே செலவு.

"முன்னெல்லாம் கார்ப்பரேட்டர டியூன் பண்ணிச் சமாளிக்கலாம் அண்ணாச்சி. இப்ப இன்ஜெக்‌ஷன் வண்டி. அதுல நம்ம கை ஒண்ணும் பேசாது," என்றான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். அவற்றில் டேங்கை வற்றவிடக் கூடாது; உள்ளே இருக்கும் பம்பைக் குளிரவைப்பது பெட்ரோல்தான்.

ஆழியாறு முதல் வால்பாறை வரை

பொள்ளாச்சியில் தென்னந்தோப்புகளுக்கு மேல் மேகம் கறுத்திருந்தது. ஆழியாறு அணையைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் அணை முழுதும் கீழே விரியும். அதற்கு மேல் குளிர். அட்டகட்டிக்குப் பிறகு மழை. அதன் பிறகு எங்கும் தேயிலை.

தேயிலைக்கு நடுவே பின்சக்கரம் தளர்ந்தது. ஆணி. ஈரச் சாலையில் தண்ணீரே வழுக்கவிடுவதால் ஆணியும் முள்ளும் ரப்பரில் சுலபமாக ஏறும். சரிவில்லாத இடம் பார்த்து நிறுத்தினேன். பிளாஸ்டிக் தாளைக் கொங்காணியாகப் போர்த்தி இலை பறித்துவிட்டு வந்த இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "புடுங்காதீங்க சார், மொத மத்ததெல்லாம் எடுத்து வெச்சுக்கங்க," என்றார் ஒருவர்; அவர் வீட்டுக்காரர் எஸ்டேட் டிராக்டர் ஓட்டுநராம்.

சரியான அறிவுரை. கிட்டைப் பிரித்துத் தயாராக வைக்கும் வரை ஆணி ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். ஆணி போன கோணத்தைக் கவனித்துப் பிடுங்கி, அரம்போன்ற ஊசியை அதே கோணத்தில் குத்தி நாலைந்து முறை ஏற்றி இறக்கி, பசை தடவிய ரப்பர் நாடாவை ஊசிக்கண்ணில் கோத்து உள்ளே தள்ளி, ஊசியை வெடுக்கென்று உருவினால் நாடா உள்ளே தங்கிவிடும். வெளியே நீட்டியதை ஒட்ட வெட்டாமல் சில மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். காற்றடித்து, எச்சில் தொட்டுப் பார்த்துக் குமிழி வரவில்லை என்றால் கிளம்பலாம். டயரின் பக்கவாட்டுச் சுவரில் ஓட்டை என்றால் இந்த வைத்தியம் பலிக்காது. டியூப் வைத்த சக்கரம் என்றால் கழற்றாமல் முடியாது.

அந்தப் பெண்களில் ஒருவர் தூக்குவாளியிலிருந்து கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்தார். எங்கள் தெருவில் பஞ்சரானால் கடைக்காரருக்கு போன் செய்வோம். பக்கத்தில் நிற்பவர் யாரென்று பார்க்க மாட்டோம்.

காற்றழுத்தத்தை மலையேறும் முன் காலையிலேயே, டயர் சூடாகும் முன் அளப்பதுதான் சரி. ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். தனியாளுக்கும் பின்னால் ஆள் இருக்கும்போதும் தனித்தனி அளவு உண்டு. மூட்டை கட்டினாலும் ஆள் கணக்குத்தான்.

நாமக்கல், கொல்லிமலை

நாமக்கல் லாரிகளின் ஊர். பாடி கட்டும் பட்டறைகளில் வெல்டிங் பொறி தெறிக்க, புறவழிச்சாலையெங்கும் வரிசையாக வண்டிகள். காரவள்ளி அடிவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் வயதான லாரி ஓட்டுநர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். கொல்லிமலைக்கு 70 வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க தம்பி. பிரேக்கு வண்டிய நிறுத்தறதுக்குங்க. வேகத்தக் கொறைக்க எஞ்சின் இருக்குதுல்ல?"

மலையிறங்கும்போது பிரேக் பிடித்துக் குறைக்கும் வேகமெல்லாம் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்குபவர்கள் அந்த வெப்பத்தை இன்னும் கூட்டுகிறார்கள். டிஸ்க் பிரேக்கின் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகைக்கு, புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. லீவர் அழுத்தினால் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அடிவாரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். டிஸ்க் பேடில் உள்ள கீறல் பள்ளம் இன்னும் தெரிகிறதா. ஃப்ளூயிட் கண்ணாடியில் கீழ்க்கோட்டுக்கு மேல் நிற்கிறதா. டிரம் பிரேக் பெடலை மிதித்தபடி பார்த்தால் லீவரில் உள்ள குறி தேய்மான எல்லையைத் தாண்டிவிட்டதா. தாண்டியிருந்தால் நட்டை முறுக்கி ஒப்பேற்றாமல் ஷூவை மாற்ற வேண்டும். கீழ்க் கியரில் நெடுநேரம் ஏறுவதால் எஞ்சின் ஆயிலையும் பார்த்தேன். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, ஓடிய எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். பைக்கில் கிளட்ச்சும் பெரும்பாலும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

மேலே பலாப்பழக் காலம். சோளக்காடு சந்தையில் பழங்கள் மலைபோலக் குவிந்திருந்தன. மிளகும் அன்னாசியும் பக்கத்தில். அறுத்துத் தந்த சுளையைத் தின்றுவிட்டு, பிசின் ஒட்டிய விரலைத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தேன். மறுநாள் இரண்டாவது கியரில், எஞ்சின் உறும, 70 வளைவுகளையும் இறங்கினேன். அடிவாரத்தில் டிஸ்க்குக்கு அருகே கை கொண்டுபோனபோது இளஞ்சூடுதான். பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது.

வீட்டு வாசலில்

சென்னை திரும்பியபின் கணக்குப் பார்த்தால், இந்த வேலைகளில் எதற்கும் பெரிய பட்டறை தேவைப்படவில்லை. கடலோரம் போனால் செயினும் கழுவலும், புழுதிக்குப் போனால் ஃபில்டரும் பிளக்கும், மழைக்குப் போனால் டயர், மலைக்குப் போனால் பிரேக்கும் ஆயிலும், நகரத்தில் கிளட்ச். இவ்வளவுதான். பிரேக் ஃப்ளூயிட் மாற்றுவது, எஞ்சினைத் திறப்பது, வயரிங் கோளாறு ஆகிய மூன்றையும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். மீதியெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அடங்கும். வண்டி வாங்கிய நாளில் அலமாரிக்குள் போன கைப்புத்தகத்தை இந்த வாரம் எடுங்கள். செயினில் தொடங்குங்கள்.